சுவருக்கு வெளியே இருந்த நாற்காலி

எங்க வீட்டுக்காரரு பேரு சேதுமாதவன். துபாய் அல் கூஸ்ல ஒரு ஏசி கம்பெனி குடோனுக்கு இவருதான் ஸ்டோர்கீப்பர். பதிமூணு வருஷமா அந்த குடோன் சாவி இவரு இடுப்புலதான். சாயங்காலம் டூட்டி முடிஞ்சு வந்து சட்டையைக் கழட்டுறப்போ பாக்கெட்டைத் தட்டிப் பார்ப்பாரு, கம்பெனி பேனா எதுவும் தெரியாம கூடவே வந்திருக்கான்னு. வந்திருந்துச்சுன்னா அவ்வளவுதான், மறுநாள் அது குடோனுக்குத் திரும்புற வரைக்கும் நான் அதைத் தொடக்கூடாது. பால்காரன் நம்பர் எழுதக்கூட விடமாட்டாரு. "ஒரு பேனாவுக்கு இவ்வளவா?"ன்னு கேட்டா மூஞ்சியைத் திருப்பிக்குவாரு.

அப்பேர்ப்பட்ட மனுஷனைத்தான் பிரான்ஸ் நாட்டுல ஒரு கிராமமே திருடன்னு பார்த்துச்சு. பார்த்தது தப்புன்னு நான் சொல்ல வரல. நடந்ததைச் சொல்றேன், கேளுங்க.

அதுக்கு முன்னாடி எங்க வீட்டுச் சாமானைப் பத்திச் சொல்லணும். சொல்றதுக்கே எனக்கு நாக்கு கூசுது, ஆனா சொல்லாம கதை நகராது. கராமாவுல ஒரே பெட்ரூம் ஃப்ளாட். கட்டிலு, டீவி ஸ்டாண்டு, மக இளவேனில் படிக்கிற மேஜை, ஒண்ணுகூடக் கடையில வாங்கினதில்ல. ஜுமைரா பக்கம் வெள்ளைக்காரங்க வேலையை முடிச்சு ஊரோட கிளம்புறப்போ, வேண்டாத சாமானை எல்லாம் காம்பவுண்டு சுவருக்கு வெளிய, குப்பை டிரம் பக்கத்துல வச்சிட்டுப் போயிருவாங்க. ஜூலை மாசம் அந்தத் தெருவுல போனீங்கன்னா ஜன்னலெல்லாம் சாத்திக் கிடக்கும், வெளிய ஒரு குடித்தனம் நடத்துற அளவுக்குச் சாமான் கிடக்கும். வேணுங்கிறவன் தூக்கிட்டுப் போலாம். யாரையும் கேக்க வேண்டாம், யாரும் கேக்கவும் மாட்டாங்க. ஊரறிஞ்ச வழக்கம்தான். ஆனா எடுத்தேன்னு ஒருத்தன் வாயைத் தொறக்கணுமே! கேட்டா எல்லார் வீட்டுச் சோபாவும் சாமான் கடைங்க இருக்கிற "சத்வாவுல வாங்கினது"தான்.

இவருக்கு இதுல ஒரு சட்டமே இருந்துச்சு. "சுவருக்கு உள்ள இருந்தா அடுத்தவன் பொருளு. வெளிய இருந்தா கடவுள் குடுத்தது, தாமரை"ன்னு எங்கிட்ட சொல்வாரு.

"உங்க கடவுளுக்குக் காலு ஒடியாத சாமானா குடுக்கவே தெரியாதா?"ன்னு கேப்பேன். ஹால்ல உக்காந்து ஆணி அடிச்சுக்கிட்டே சிரிப்பாரு.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு நீலச் சோபா வந்து இறங்குச்சு. குடோன் மேனேஜர் மார்சல் சார், பிரெஞ்சுக்காரர், ஏதோ ஒரு சாவியை வீட்டுல கொண்டாந்து குடுன்னு சொல்லியிருந்தாராம். பிக்கப் ஓட்டுற கீழக்கரைக்காரர் ஹசன் அலியும் இவரும் போயிருக்காங்க. சார் வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி டிரம் பக்கத்துல இந்தச் சோபா நின்னுருக்கு. ரெண்டு பேரும் மூச்சு வாங்க மாடிக்குத் தூக்கிட்டு வந்தாங்க. "தங்கச்சி, இனிமே உங்க ஊட்டுக்கு வந்தா ராசா மாதிரி சாஞ்சுக்கிட்டு டீ குடிப்பேன் பாத்துக்க"ன்னாரு ஹசன் அலி. நிஜமாவே நல்ல சோபா. மெத்தை ஒண்ணுக்கு அடியில சிகரெட் சுட்ட ஓட்டை ஒண்ணு இருந்துச்சு. அதைத் திருப்பிப் போட்டுட்டேன்.

அடுத்த மாசம் வேனிலோட பிறந்தநாளுக்கு மார்சல் சார் எங்க வீட்டுக்கே வந்துட்டாரு. அந்தச் சோபாவுலதான் உக்காந்தாரு. பாயசம் குடிச்சுக்கிட்டே மெத்தையைத் தடவிப் பார்த்து, நல்லாயிருக்கேன்னாரு. இவரு முந்திக்கிட்டு, "சத்வாவுல வாங்கினது சார்"ன்னாரு. சாரு தலையை ஆட்டிக்கிட்டாரு. பொய்யே சொல்லாத மனுஷன் சொன்ன பொய் அது ஒண்ணுதான்னு நினைக்கிறேன். நானும் பக்கத்துல நின்னு ஆமான்னேன்.

அப்புறம் வருஷங்க ஓடிருச்சு. மார்சல் சார் ரிட்டயராகி ஊருக்குப் போயிட்டாரு. தொண்ணூத்தாறுல கம்பெனி குடோனுக்குக் கம்ப்யூட்டர் படிச்ச ஆளா ஒருத்தரைப் போடணும்னு பிரான்ஸ் ஆபீஸ்ல பேச்சு கிளம்புச்சு. இவரைச் சாவியில இருந்து எடுத்துட்டுச் சாதாரண ஹெல்பரா வச்சுக்குவாங்களாம். ஹெல்பர் சம்பளத்துக்குக் குடும்ப விசா கிடையாது. அப்படின்னா நானும் வேனிலும் பெட்டியைக் கட்டிக்கிட்டு மதுரைக்கு, இவரு ஆம்பளைங்க மட்டும் தங்குற லேபர் கேம்ப்புக்கு. வேனிலுக்குத் தமிழ் எழுத்தே தட்டுத்தடுமாறித்தான் வரும். அவளை எட்டாம் கிளாசுல எங்க கொண்டுபோய்ச் சேர்க்கிறதுன்னு நினைச்சு நினைச்சே எனக்குத் தூக்கம் போச்சு.

அதை முடிவு பண்றது யாருன்னு பார்த்தா, மார்சல் சாரோட அண்ணன் ரெனே. வயசாகியும் மெயின் ஆபீஸ்ல இன்னும் பெரிய கை. மார்சல் சார் ஃபோன் பண்ணினாரு. "சேது, இந்த வருஷம் லீவுக்குக் குடும்பத்தோட எங்க ஊருக்கு வா. நாங்க கிராமம் கிராமமா நடப்போம். ஒருநாள் எங்க அண்ணனும் கூட வருவாரு. ஒரு நாள் பூரா நடந்தா மனுஷனைத் தெரிஞ்சுபோகும். காகிதத்துல தெரியாது"ன்னாரு. அவரே கடுதாசி குடுத்து விசாவுக்கு ஏற்பாடு பண்ணினாரு.

"நடக்கிறதுக்கா பிரான்ஸுக்குக் கூப்பிடுறாரு?"ன்னு எனக்கு ஒரே சிரிப்பு. துபாய்ல நடக்குறவன்னா அவனுக்கு வண்டி இல்லைன்னு அர்த்தம். இவரு பத்து வருஷம் வெயில்ல நடந்து, அப்புறம்தான் ஒரு பழைய சன்னி கார் வாங்கினாரு. வெள்ளைக்காரன் காரை வீட்டுல போட்டுட்டு நடக்கிறான்!

ஆனா அந்தப் பாதையைப் பார்த்ததும் சிரிப்பு போயிருச்சு. ஆத்தாடி, என்ன நிழலு! ரெண்டு பக்கமும் மரங்க தலைக்கு மேல கைகோத்து நிக்குது. நடு மத்தியானத்துலயும் கண்ணு கூசல. கல்லு வீடுங்க, சூரியகாந்திக் காடு, ஒரு வாய்க்கா, திரும்பவும் நிழலு. எந்தப் பக்கம் திரும்பணும்னு மரத்துலயும் கல்லுலயும் வெள்ளையும் சிவப்பும் கோடு போட்டிருந்தாங்க. அதைப் பார்த்துக்கிட்டே போனா அடுத்த ஊரு வந்துரும். பெட்டியை எல்லாம் மார்சல் சாரோட தங்கச்சி வேன்ல கொண்டுபோய் ராத்திரி தங்குற வீட்டுல வச்சிருவாங்க. எதிர்ல வர்றவங்க ஆளு தெரியுதோ இல்லையோ "பொன்ஜூர்"ன்னு சொல்லிட்டுத்தான் போவாங்க. துபாய்ல பக்கத்து ஃப்ளாட்டுக்காரி என் மூஞ்சியைப் பார்த்து வருஷமாச்சு.

மூணாவது நாளு ரெனே வந்து சேர்ந்தாரு. ஒல்லியா, உசரமா, பேச்சே இல்லாத ஆளு. இங்கிலீஷ் வராது. அண்ணனும் தம்பியும் எட்டிப்போட்டு நடக்க, இவரு அவங்க கூடயே போயிருக்கணும், இல்லையா? அன்னைக்குன்னு பார்த்து எனக்கு முட்டி பிடிச்சுக்கிச்சு. புடவையோட அந்த ஏத்தத்துல எங்கிட்டு ஏறுறது! "நீங்க போங்க, இது உங்க பரீட்சை"ன்னு நான் சொன்னேன். "உன்னை விட்டுட்டா போவேன்?"னு இவரு நின்னுட்டாரு. அவங்க ரெண்டு பேரும் முன்னாடி போயிட்டாங்க. நான், இவரு, வேனிலு, மூணு பேரும் நொண்டிக்கிட்டே பின்னாடி.

மத்தியானம் ஒரு குட்டி ஊரைத் தாண்டினோம். பத்து வீடு இருக்கும். ஒரு ஆளைக் காணோம். மரக்கதவு போட்ட ஜன்னலெல்லாம் இறுக்கிச் சாத்தியிருந்துச்சு. கடைசி வீட்டுச் சுவருக்கு வெளிய, ஒரு மரத்தடியில, பச்சைக் குப்பைத் தொட்டி. தொட்டிக்குப் பக்கத்துல ஒரு நாற்காலி. உக்கார்ற இடத்துல பின்னியிருந்த வைக்கோல் பிஞ்சு தொங்குது, ஒரு காலுல கம்பி சுத்தியிருக்கு.

இவரு நின்னாரு. எனக்கு அந்த நிப்பு தெரியும். ஜுமைராவுல நூறு தடவை பார்த்த நிப்பு.

"ஏங்க, வேண்டாம்."

"உனக்குத்தான்டி. முட்டி வலிக்கிற இடத்துல எல்லாம் உக்காந்துக்கலாம். இவங்க லீவுக்குக் கிளம்பிட்டாங்க பாரு, ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கு. தூக்கிப்போட்டதுதான் இது."

"அப்பா ப்ளீஸ், டோன்ட்"ன்னா வேனிலு. இவரு காதுலயே போட்டுக்கல. தலையில துண்டைச் சும்மாடா வச்சு நாற்காலியைக் கவுத்து ஏத்திக்கிட்டாரு. அந்தப் பொண்ணு எங்க கூட வந்த ஆளே இல்லைங்கிற மாதிரி முன்னாடி ஓடிருச்சு.

உள்ளதைச் சொன்னா, அந்த மத்தியானம் எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. ஒவ்வொரு ஏத்தத்துலயும் இவரு நாற்காலியை இறக்கி, தட்டி, "உக்காருங்க மகாராணி"ன்னாரு. நான் நிழல்ல உக்காந்து காலை ஆட்டிக்கிட்டு, "விசிறி எங்கே?"ன்னேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நாங்க அப்படி விளையாடினதே இல்ல. பின்னாடி ஒரு ரொட்டி வண்டி வந்துச்சு, ஊர் ஊராப் போயி ரொட்டி விக்கிற வேனு. எங்ககிட்ட வந்ததும் மெதுவா ஊர்ந்துச்சு. டிரைவர் இவரு தலையையே பார்த்தான். நாங்க ரெண்டு பேரும் கையை ஆட்டி "பொன்ஜூர்!"ன்னு கத்தினோம். அவன் பதில் சொல்லாம போயிட்டான். என்னடா இவன் மட்டும் மரியாதை தெரியாதவன்னு நான் இவருகிட்ட சொன்னேன். ஐயோ, சொன்னேனே!

தங்குற வீட்டு வாசலுக்குப் போனா, அந்த ரொட்டி வண்டி அங்க நிக்குது. டிரைவரு, மார்சல் சாரு, அவரு தங்கச்சி, அக்கம்பக்கத்துச் சனம் நாலஞ்சு பேரு, நடுவுல ரெனே. இவரு தலையில நாற்காலியோட போயி நிக்கிறாரு. ஒருத்தரும் பொன்ஜூர் சொல்லல.

மார்சல் சார் மூஞ்சியில ஈயாடல. மெதுவாத்தான் சொன்னாரு. அது முந்தின ஊருல ஒரு அம்மாவோட நாற்காலி. கால் வீங்கி நிக்க முடியாத அம்மா. தினமும் அதுல உக்காந்துதான் ரொட்டி வண்டிக்குக் காத்திருக்குமாம். அதுக்குன்னே அது அந்த மரத்தடியிலதான் கிடக்கும். அந்தப் பக்கத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச நாற்காலி. ஜன்னலைச் சாத்துறது வெயிலுக்காம், ஊருக்குப் போனதால இல்லையாம். இன்னைக்கு வண்டி போறப்போ அந்த அம்மா சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு அழுதுக்கிட்டு நின்னுருக்கு.

எங்க மானம் அந்த வாசல்லயே கப்பலேறிப் போச்சு. சாவியும் போச்சு, வேனிலு படிப்பும் போச்சுன்னு ஒரு நிமிஷத்துல எல்லாம் ஓடுச்சு. வாய் தானா முந்திக்கிச்சு. "இல்ல சார், எனக்கு முட்டி வலி. சும்மா இரவலுக்குத்தான் எடுத்தோம். சாயங்காலம் கொண்டுபோய் வச்சிரலாம்னுதான் இருந்தோம்"ன்னேன்.

மார்சல் சார் முகத்துல உயிர் வந்துச்சு. அதை அப்படியே பிரெஞ்சுல அண்ணன்கிட்ட சொன்னாரு. ரெனே இவரைப் பார்த்து ஏதோ கேட்டாரு. அப்படியான்னு கேக்கிறார்னு மார்சல் சார் சொன்னாரு. ஆமான்னு தலையை ஆட்டினாப் போதும். ஆட்டுங்க, ஆட்டித் தொலைங்கன்னு நான் மனசுக்குள்ள கெஞ்சுறேன்.

இவரு நாற்காலியைத் தலையில இருந்து இறக்கி முன்னாடி வச்சாரு. கூனிக்குறுகி நின்னாரு. "இல்ல சார். திருப்பி வைக்கிற எண்ணம் எனக்கு இல்ல. தூக்கிப்போட்டதுன்னு நினைச்சேன். நாங்க அங்க அப்படித்தான் எடுப்போம். என் வீட்டுல இருக்கிற கட்டிலு, டீவி ஸ்டாண்டு, என் பொண்ணு படிக்கிற டேபிளு, எல்லாம் அப்படி எடுத்ததுதான். உங்களை உக்கார வச்சேனே, அந்தச் சோபா. அதுவும் சத்வாவுல வாங்கினது இல்ல சார். குப்பை டிரம் பக்கத்துல எடுத்தது. உங்ககிட்ட பொய் சொன்னேன்."

இங்கிலீஷ்ல சொன்னதால வேனிலுக்கு ஒரு வார்த்தை விடாம புரிஞ்சுச்சு. தான் படிக்கிற மேஜை எங்கிருந்து வந்துச்சுன்னு அன்னைக்குத்தான் அவளுக்குத் தெரியும். என் முந்தானையில மூஞ்சியைப் புதைச்சுக்கிட்டா. நான் எங்க போயிப் புதைக்கிறது? எனக்கு அவரு மேல வந்த கோவத்துக்கு அளவே இல்ல. என்னையும் பொய்யாக்கி, தன்னையும் அம்மணமாக்கிட்டு நிக்கிறாரேன்னு.

மார்சல் சார் உடனே அதை அண்ணனுக்குச் சொல்லல. ரொம்ப நேரம் தரையைப் பார்த்தாரு. அப்புறம் ஒவ்வொண்ணா சொன்னாரு. ரெனே தங்கச்சிகிட்ட வேன் சாவியை வாங்கி நீட்டினாரு, வேன்ல கொண்டுபோய் வச்சிரலாம்னு. இவரு வேண்டாம்னுட்டாரு. "நான் எடுத்த மாதிரியே கொண்டுபோறேன்"ன்னு திரும்பவும் தலையில ஏத்திக்கிட்டாரு. அந்த ஊருல கோடையில பொழுது சாய ரொம்ப நேரமாகும், வெளிச்சம் நல்லாவே இருந்துச்சு. வேனிலை வீட்டுல விட்டுட்டு நானும் கிளம்பினேன். மார்சல் சாரும் தொப்பியை எடுத்துப் போட்டுக்கிட்டு கூட வந்தாரு.

அதே பாதை, அதே நிழலு. வழியில ஒரு இடத்துலயும் நான் அந்த நாற்காலியில உக்காரல. முட்டி விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, தெறிக்கட்டும்னு நடந்தேன்.

பாதி வழியில மார்சல் சார் வாயைத் தொறந்தாரு. "சேது, அந்தச் சோபா என்னுது."

இவரு நின்னுட்டாரு. தலையில நாற்காலி.

"நீ வீட்டுல தரையில உக்காந்து சாப்பிடுறேன்னு ஹசன் அலி சொன்னான். நான் புதுசு வாங்கியிருந்தேன். பழசை உன் கையில குடுக்க எனக்குக் கூச்சமா இருந்துச்சு. என் கீழ வேலை செய்யிற ஆளுகிட்ட, நான் உக்காந்து தேஞ்சதை எடுத்துக்கோன்னு எப்படிச் சொல்றது? அதான் ரெண்டு வீடு தள்ளி டிரம் பக்கத்துல வச்சிட்டு, சாவி கொண்டான்னு உன்னைக் கூப்பிட்டேன். சிகரெட் ஓட்டை நான் போட்டதுதான்."

அப்படின்னா அந்தப் பிறந்தநாள் அன்னைக்குத் தன் சோபாவுலயே உக்காந்துக்கிட்டு, எங்க சத்வாக் கதையைக் கேட்டுக்கிட்டு, எங்க பாயசத்தைக் குடிச்சிருக்காரு! இத்தனை வருஷமா எங்க பொய்யைப் பத்திரமா வச்சிருந்திருக்காரு. வெக்கம் என்னைப் பிடுங்கித் தின்னுச்சு. வெக்கத்தோட கோவமும் சேர்ந்துக்கிச்சு. எனக்குத் தெரிஞ்ச ஓட்டை இங்கிலீஷ்ல கேட்டே புட்டேன். "கையில குடுத்திருந்தா ஒரு நன்றியாவது சொல்லியிருப்போமே சார்? சுவருக்கு வெளிய வச்சு எங்களைப் பொறுக்க விட்டீங்களே!"

"ஆமாம்மா"ன்னாரு அந்த மனுஷன். "அது எனக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது." இவருக்குக் கண்ணுல தண்ணி வழியுது, துடைக்கக் கை இல்ல, ரெண்டு கையும் நாற்காலியைப் பிடிச்சிருக்கு. நான்தான் முந்தானையால துடைச்சு விட்டேன்.

சத்தம் கேட்டு அந்த அம்மா வாசலுக்கு வந்துச்சு, சுவத்துல சாஞ்சுக்கிட்டு, கையில பாதி ரொட்டியோட. எங்களைப் பார்த்ததும் திட்ட ஆரம்பிச்சுச்சு. பாஷை புரியாட்டி என்ன, திட்டு புரியாதா? இவரு மரத்தடியில குனிஞ்சு பார்த்தாரு. நாற்காலிக் கால் நாலும் அழுந்தி அழுந்தி மண்ணுல நாலு குழி இருந்துச்சு. எடுக்கிறப்போ எங்க ரெண்டு பேரு கண்ணுக்கும் அது தெரியல. குழியில காலைப் பொருத்தி, ஆடுதான்னு அசைச்சுப் பார்த்து, கையெடுத்துக் கும்பிட்டாரு. அந்த அம்மா உக்காந்துச்சு. திட்டுறதை நிப்பாட்டிருச்சு. ஆனா எங்க பக்கம் திரும்பவே இல்ல. ஒரு சிரிப்பு, ஒரு தலையாட்டல், ஒண்ணும் இல்ல. அது சரிதான், எதுக்குச் சிரிக்கணும்?

மறுநாள் விடியுறப்போவே ரெனே கிளம்பிட்டாரு. ஒரு வார்த்தை சொல்லல. துபாய்க்குத் திரும்பி வந்து நான் பெட்டியைப் பிரிக்கவே இல்ல, எப்படியும் மதுரைக்குக் கட்டணுமேன்னு. இவரு டூட்டிக்குப் போவாரு, வருவாரு, பாக்கெட்டைத் தட்டிப் பார்ப்பாரு. நாங்க ரெண்டு பேரும் அந்தச் சோபாவுல உக்காரல.

ஒருநாள் மத்தியானமே வந்து நின்னாரு. ஆபீசுக்கு ஃபேக்ஸ் வந்துருச்சாம். "சாவி அவரிடமே இருக்கட்டும். கம்ப்யூட்டர் சொல்லித்தர ஆள் அனுப்புகிறோம்." ரெனே கையெழுத்து. நான் அங்கேயே உக்காந்து ஓன்னு அழுதேன். வேனிலு துள்ளிக் குதிச்சா. இவரு மட்டும் சோபாவையே பார்த்துக்கிட்டு இருந்தாரு.

"தாமரை, இதுக்கு மேல என்னால இதுல உக்கார முடியாது."

"என்னாலயும் முடியாது"ன்னேன்.

ஹசன் அலியை வரச்சொல்லி, ரெண்டு பேருமா கீழ இறக்கி டிரம் பக்கத்துல வச்சிட்டு மேல வந்தாங்க. நான் ஜன்னல் வழியாப் பார்த்தேன். அதுக்குள்ள ரெண்டு பேரு வந்துட்டாங்க, கேம்ப்புக்காரங்க, சைட்டு யூனிஃபார்ம்ல. அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துட்டு, அவசர அவசரமா ஆளுக்கொரு முனையைத் தூக்குறாங்க. "ஏங்க, இங்க வாங்க"ன்னேன். இவரு எட்டிப் பார்த்தாரு. பார்த்ததும் செருப்புகூடப் போடாம படியில இறங்கி ஓடினாரு. என்னமோ ஏதோன்னு நானும் பின்னாடியே போனேன்.

இவரு ஓடி வர்றதைப் பார்த்ததும் அவங்க சோபாவைப் பொத்துன்னு கீழ வச்சிட்டாங்க. ரெண்டு பேரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "மாஃப் கரோ சாப், ஃபேங்கா ஹுவா சம்ஜா"ங்கிறாங்க. மன்னிச்சிரணுமாம், தூக்கிப்போட்டதுன்னு நினைச்சாங்களாம். அந்த நிப்பை அந்தக் கல்லு வீட்டு வாசல்ல நான் பார்த்திருக்கேன்.

இவரு கிட்டப் போனாரு. அப்புறம் மூத்தவனோட கையைப் பிடிச்சு சோபா மேல வச்சு, "இது என் பொருளு. உனக்கு நான் குடுக்கிறேன், பாய். சிகரெட் ஓட்டை ஒண்ணு இருக்கு, திருப்பிப் போட்டுக்க"ன்னு இந்தியில சொன்னாரு. தானும் ஒரு முனையைத் தூக்கி, அவங்க வண்டி வரைக்கும் கொண்டுபோய் ஏத்தி விட்டாரு.

அவனுக்கு நம்பிக்கையே வரல. மெத்தையைத் தடவிப் பார்த்துட்டு, "நல்லாயிருக்கு சாப். எங்க வாங்கினீங்க?"ன்னு கேட்டான்.

இவரு என்னைத் திரும்பிப் பார்த்தாரு. சத்வான்னு சொல்லல. "வாங்கல பாய். எனக்கும் ஒருத்தர் குடுத்தாரு"ன்னாரு.